சின்னவாயன் இருந்த இடம்

— அதெல்லாம் ஒத்துக்க முடியாதுக்கா. பெரியவாயன், சின்னவாயன் ரெண்டும் பாஸ் மீன்தான். ஆனா அல்லி இலைக்கு அடியில கிடக்கிற பெரியவாயனை வெளிய இழுக்கறதுதான் கஷ்டம். தூண்டில்ல ரப்பர் தவளையை மாட்டித் தத்த விடணும், அவன் முழுசா விழுங்கற வரைக்கும் கையை அசைக்கக்கூடாது. இழுத்தா அவனோட அரை வண்டிப் பாசியும் சேந்து வரும்.

— சரி லைல்.

— சரியா? எதிர்த்துப் பேசுக்கா. இருபது வருஷமா நம்ம சண்டையே இதுதானே.

— பெரியவாயன் சோம்பேறி. ஒரே இடத்துல கிடப்பான், போய்க் கதவைத் தட்டினா போதும். சின்னவாயன் நேத்து இருந்த பாறையில இன்னிக்கு இருக்கமாட்டான். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். தடிச்ச தூண்டில் நரம்பு போட்டா கிட்டயே வரமாட்டான், மெல்லிசு போட்டா அறுத்துக்கிட்டுப் போயிடுவான்.

— இப்பதான் எங்க ஆர்டித் அக்கா. ஆனா குரல்ல உப்பே இல்ல.

— காப்பி இருக்கா?

— ஆறிப்போச்சு. கறி வச்ச பேஸ்டி தரவா? காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல.

— வேணாம். பசி தெரியல.

— ஆறே கால் பவுண்டு சின்னவாயன்க்கா! இந்த ஏரியில எத்தனை பேருக்குக் கிடைச்சிருக்கு? நாலு தடவை எகிறினான். படகுக்கு அடியில புகுந்தப்ப பாத்துக்கிட்டிருந்த நானே எழுந்து நின்னு கத்தினேன். நீ என்னடான்னா துணி காயப்போடறவ மாதிரி நின்ன.

— எனக்கு ஒண்ணும் தோணலடா. மீன் வந்துச்சு. எடை போட்டாங்க. திரும்பத் தண்ணியில விட்டாங்க.

— மச்சான் போய் மூணு நாள்தான் ஆச்சு. திங்கக்கிழமை அடக்கம். நீ வரமாட்டேன்னுதான் நினைச்சேன்.

— வீட்ல இருந்தா ஆளாளுக்கு சமைச்சுக் கொண்டுவந்து வைக்கறாங்க. பிரிட்ஜ்ல இடமே இல்ல.

— சரி விடு, அரை மணி நேர வேலைதான். ஒரு பெரியவாயன், ஒரு சின்னவாயன், ரெண்டு எடையும் சேத்துப் பாத்தா இந்தப் போட்டியில நம்ம பக்கத்துலகூட எவனும் வரல. ஜெயிச்சவங்களைப் பொய் பிடிக்கிற மெஷின்ல உக்கார வைக்கறது எப்பவும் உள்ளதுதானே. போட்டி நடத்தற ஹாஸ்கின்ஸ் விரல்ல கம்பியை மாட்டி மூணு கேள்வி கேப்பாரு. மீன் வயித்துல ஈயம் வச்சீங்களா? வேற யாராவது பிடிச்ச மீனா? போட்டி வாரத்துல யாராவது உங்களுக்கு மீன் இருக்கற இடம் சொன்னாங்களா? இல்ல, இல்ல, இல்ல. முடிஞ்சுது. பரிசா வச்சிருக்கற புதுப் படகு நமக்கு.

— உனக்கு.

— எனக்குத்தான். நான் வேலை பாத்த ஆலை மூடி பதினோரு மாசம் ஆச்சுக்கா. அந்தப் படகு வந்தா வெளியூர்க்காரங்களை மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போய்ப் பொழைச்சுக்குவேன்... என்ன அப்படிப் பாக்கற?

— மூணாவது கேள்விக்கு என்னால இல்லைன்னு சொல்ல முடியாது.

— விளையாடாத.

— சின்னவாயன் கிடந்த அந்தப் பாறைக்கு மேல நேரா கொண்டுபோய்ப் படகை நிறுத்தினேனே. ஏன்னு கேட்டியா?

— நீ... ஆழம் காட்டற திரையைக்கூடப் பாக்கல. ஏதோ பழைய ஞாபகத்துல போறேன்னு நினைச்சேன். யாருக்கா சொன்னது?

— க்ளென்.

— மச்சானா? பக்கவாதம் வந்து மூணு வாரமா அவருக்குப் பேச்சே கிடையாதே!

— புதன்கிழமை காலையில கண்ணைத் திறந்தாரு. என் மணிக்கட்டைப் பிடிச்சாரு. 'வடக்கு மிதவைக்குக் கிழக்க, முப்பத்திரெண்டு அடி, ஒத்தப் பாறை'ன்னாரு. மத்தியானம் போயிட்டாரு.

— புதன்கிழமைன்னா போட்டி வாரம். அது தெரிஞ்சுதான் அங்க போனியா?

— அப்ப அதெல்லாம் தோணலடா. வேற எங்க போறதுன்னு எனக்குத் தெரியல.

— அறையில வேற யாரு இருந்தா?

— யாரும் இல்ல.

— நர்ஸு?

— இல்லடா.

— அப்ப யாருக்குமே தெரியாது. உயிர் போற நேரத்துல மனுஷன் ஏதோ உளறினாரு, அவ்வளவுதான்.

— உளறல. பாறை அங்கதான் இருந்துச்சு.

— ஐயோ, அதை உள்ள போய்ச் சொல்லித் தொலைக்காத, பரிசே போயிடும்! இப்ப நீ இருக்கற இருப்புக்கு மெஷின் முள்ளுகூட அசையாது. கல்லு மாதிரி உக்காந்திருக்க. எனக்காக இல்லைன்னு சொல்லுக்கா. மச்சான் இருந்தா அவரே சொல்லச் சொல்லுவாரு.

— சொல்லுவாரு.

— மிசஸ் கோஸ்கி, உள்ள வரலாம்.

— வரேன் ஹாஸ்கின்ஸ்.

— அக்கா, கையை உதறாத, நில்லு. ஒரே ஒரு 'இல்ல'தானே. யாருக்கு என்ன குறைஞ்சு போயிடும்?

— முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தேன், மூணு வாரம் கட்டில் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், என் பேரைக்கூடச் சொல்லல. அது ஒண்ணுதான்டா பேசினாரு, அதையும் இல்லைன்னுட்டா எங்கிட்ட ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டாருன்னு ஆயிடும்.