அறுபத்து நாலா, நூத்தி இருபத்தெட்டா

தஞ்சோங் காராங்கில் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். மகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கக் கிள்ளானுக்குப் போகிறார்களாம். எண்பதுகளில் அந்தப் பேச்சே புதிது.

"கரண்டு போனா அது எல்லாத்தையும் மறந்துடுமாம்ங்க" என்றாள் மனைவி.

"அதுக்குத்தான் பெரிய மெமரியா வாங்கலாங்கறேன். அறுபத்து நாலும் இருக்காம், நூத்தி இருபத்தெட்டும் இருக்காம்."

"பெருசா இருந்தா பெருசா மறக்கும், அவ்வளவுதான். மாட்ட வித்துட்டுப் போறோம், தப்பா வாங்கிட்டு வந்துடக் கூடாது. மெமரி சின்னதா இருந்தாலும் பரவால்ல, எழுதுனத பதிஞ்சு வைக்க டிஸ்க் டிரைவ் வேணும்னு புள்ள சொல்லி அனுப்பிருக்கா."

"சரி, அதையும் வாங்கிடலாம்லா."

"பதியறதுக்கும் நேரம் வேணும். நம்ம தோட்டத்து லயத்து வீட்டுலதான் பத்து மணிக்குக் கரண்டு நின்னுடுதே."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். தோட்டத்துக்குக் கரண்டு தரும் இஞ்சினை ஓட்டுகிறவரே அவர்தான் என்பது அடுத்த பேச்சில்தான் எனக்குப் புரிந்தது.

"நான் என்னைக்கு சட்டுனு நிறுத்திருக்கேன்? நிறுத்துறதுக்கு முன்னாடி லைட்ட ஒரு தடவ மங்க விட்டு ஏத்துறேன்ல. சனங்க அதப் பாத்துத்தான் பாய விரிக்குது. நம்ம புள்ளயும் அதப் பாத்துப் பதிஞ்சிக்கட்டும்."

மனைவி கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

"அந்த மங்கலுக்கே மறந்துடுமாம்ங்க."