நாற்பத்தோராவது ஓட்டம்

சத்தியமாகச் சொல்கிறேன் ஐயா, இதில் ஓர் எழுத்துகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எனக்குப் பச்சை நிறம் பிடிக்கும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நோயாளியின் நரம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் இயந்திரத்துக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் தொழில். குழாய் அடைத்துக்கொண்டால் இயந்திரம் ஐந்து நொடிக்குள் அலற வேண்டும். அலறுகிறதா என்று பார்ப்பது உட்பட, எண்ணூற்றுப் பன்னிரண்டு சோதனைகளைக் கணினியே ஓட்டிப் பார்க்கும். தேறினால் திரையில் பச்சை, தவறினால் சிவப்பு. எல்லாம் பச்சையானதும் கையெழுத்துப் போடுவது என் வேலை. அங்கே நான்தான் மூத்தவன். கட்டிடமே எனக்கு இளசு.

மென்பொருளை மருத்துவமனைகளுக்கு அனுப்பும் ரிலீஸ் அன்று காலை எண்ணூற்றுப் பதினொன்று பச்சை. அலறல் சோதனை மட்டும் சிவப்பு.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சிவப்பு வந்தால் காரணம் தேட மாட்டோம், மறுபடி ஓட்டுவோம். சில சோதனைகள் காரணமே இல்லாமல் முறுக்கிக்கொள்ளும், பிறகு தானாக இறங்கிவரும். அவற்றுக்கு மாப்பிள்ளை என்று பெயர்.

குழுத்தலைவி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"என்ன பெரியவரே, மாப்பிள்ளை இன்னும் முறுக்கிக்கிட்டுதான் இருக்காரா?"

"கெஞ்சிக்கிட்டேதாம்மா இருக்கேன்."

"மூணு மணிக்கு அனுப்பணும். நீங்க பாத்து சரின்னா எனக்கும் சரி. உங்க கண்ணு தப்பாது."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை இன்றும் அரிக்கிறது. பதினேழாம் முறை ஓட்டியபோது கணினி பெருமூச்சு விட்டது. முப்பதாம் முறை, என் கண்ணாடிதான் சிவந்துவிட்டதோ என்று கழற்றித் துடைத்தேன். நாற்பத்தோராவது முறை பச்சை வந்தது. அந்த ஓட்டத்தை மட்டும் அறிக்கையில் வைத்து, 'அனைத்தும் தேறின' என்று எழுதினேன். பொய்யில்லையே, ஒருமுறை தேறியதுதானே. மற்ற நாற்பதையும் அழித்தேன். குப்பை சேர விடுவது எனக்குப் பிடிக்காது.

மூன்றாம் மாதம், பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு இதயத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது குழாய் அடைத்தது. இயந்திரம் அலறவில்லை. அவர் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து, சத்தம் இல்லாததால் நிம்மதியாக ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாராம். "தூங்குறாருன்னுதான் நெனச்சேன்" என்று விசாரணையில் உங்களிடம் சொன்னாராமே. அதைக் கேட்டதிலிருந்து என்னால் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. எதிரே வருகிறவர்களைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்கிறேன்.

ஆனால் தெரிந்து செய்யவில்லை, ஐயா. கோளாறு சோதனையில்தான், இயந்திரத்தில் இல்லை என்று மனதார நம்பினேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் இறப்பதற்கு முந்தைய மாதம் என் மனைவியை அதே மருத்துவமனையில் சேர்த்தோம். அவளுக்கு மாட்டியிருந்த எங்கள் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு வேறு கம்பெனியின் பழைய இயந்திரத்தை மாட்டும்படி நர்ஸிடம் கெஞ்சி மாற்ற வைத்தேன்.