ஒரு சுற்றுக்கு நாலு மில்லி

உங்கள் நாற்காலி உங்களுக்கு மூன்று சென்டிமீட்டர் தாழ்வாக இருக்கிறது, மேடம். தப்பாக நினைக்க வேண்டாம். வந்து உட்கார்ந்ததிலிருந்து இரண்டு முறை இடுப்பைப் பிடித்துக்கொண்டீர்கள், அதனால் சொல்கிறேன். இருக்கைக்கு அடியில் வலது பக்கம் ஒரு லீவர் இருக்கும். உடம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு அதை இழுத்தால் இருக்கை தானாக மேலே வரும். பாதம் தரையில் முழுசாகப் பதிந்திருக்க வேண்டும், தொடை சாயக் கூடாது. அந்த இடத்தில் விட்டுவிடுங்கள். அவ்வளவுதான்.

மேசை, நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷமாக உயரம் சரிபார்ப்பது என் வேலை. ஏறி இறங்கும் எந்தச் சாமானும் என் கை பட்ட பிறகுதான் வெளியே போகும். அங்கே என் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். மில்லிமீட்டர் கணக்கிலேயே பேசுவதால் 'மில்லியக்கா' என்று பெயர்; அப்படிக் கேட்டால் காவலாளி முதல் முதலாளி வரை கை காட்டுவார்கள். என்னைக் கண்டால் கூன் போட்டு நிற்கிறவர்கள்கூட நிமிர்ந்துகொள்வார்களாம். இல்லாவிட்டால் அவர்களையும் அளந்து கழித்துக் கட்டிவிடுவேனாம்.

என் தங்கையைப் பற்றிக் கேட்டீர்கள். அவளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்து நாலு வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை, குணமும் போகவில்லை. எனக்கும் அவளுக்கும் ஒன்பது வருஷ வித்தியாசம். அப்பா முன்பே போய்விட்டார். அம்மா போனபோது எனக்கு இருபது, அவளுக்குப் பதினொன்று. அதன் பிறகு அவளுக்கு எல்லாம் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என்னைப் பெண் கேட்டு ஒருவர் வந்தார். நல்ல மனிதர், தொழிற்சாலைக்கு மரம் கொண்டுவருகிறவர். பேச்சுவாக்கில், கல்யாணத்துக்கு அப்புறம் தங்கச்சி எங்கே இருக்கும் என்று கேட்டார். என் பக்கத்தில் என்றேன். தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார். திரும்ப வரவில்லை. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

வாலு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். அடுத்த கடை மூக்குக் கண்ணாடிக் கடை. தூரத்தில் இருப்பது தெரியவில்லை, கண்ணாடி வேண்டும் என்று போனவள், சட்டம் சரியாக உட்காரவில்லை என்று வாரத்துக்கு இரண்டு தடவை போக ஆரம்பித்தாள். கண்ணாடிக்காரரும் சலிக்காமல் காதோரம் வளைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு வருஷம் இப்படிப் போனது. ஒருநாள் அவளே வந்து, "அக்கா, அந்தாளு என் கண்ணாடியை இனிமே வளைக்க முடியாதாம். உடைஞ்சிரும்கிறாரு. கட்டிக்கிறேன்னுட்டாரு" என்றாள். நானும் சிரித்தேன். நாள் குறித்தோம்.

கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தபோதுதான் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கால்கள் வரவில்லை. நரம்பைத் தாக்குகிற நோய் என்றார்கள். ஆறு வாரம் மருத்துவமனை. நரம்பு தானாக ஆறிவிடும், ஒரு வருஷத்துக்குள் பழையபடி நடப்பாள், ஆனால் தினமும் முயற்சி செய்ய வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கண்ணாடிக்காரர் அப்போதே கூட்டிப் போகத் தயாராக இருந்தார். அவர் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார். வாலு கேட்கவில்லை. "தூக்கிட்டுப் போக நான் என்ன மூட்டையா? கையை ஊணாம நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து நிக்கிறேன். அன்னிக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பத்து என்ற கணக்கு அவளாகச் சொன்னதல்ல. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபி பெண் சொன்னது. பத்து முறை நிற்காமல் எழுந்தால் படியேறத் தொடங்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

நாற்காலியை நான்தான் செய்தேன். கழித்துப்போட்ட பாகங்களை எடுத்துக்கொள்ள மேலாளர் சம்மதித்தார். உங்கள் நாற்காலியில் இருப்பது, அடைத்த காற்று தூக்கிப் பிடிக்கும் கேஸ் சிலிண்டர். அதை நான் நம்புவதில்லை. வருஷம் ஆக ஆகத் தானாக இறங்கும். வாலுவுக்குத் திருகுத் தண்டு வைத்தேன். இருக்கைக்கு அடியில் ஒரு சக்கரம். ஒரு முழுச் சுற்றுக்கு நாலு மில்லிமீட்டர். திருகு, விட்ட இடத்தில் நிற்கும். தானாக ஏறாது, தானாக இறங்காது. அவள் சாப்பிட, எழுத ஒரு மேசை. அதற்கும் கைப்பிடி சுற்றி ஏற்றி இறக்கும் வசதி வைத்தேன். நாற்காலித் தண்டின் ஓரத்தில் அளவுநாடாவை வெட்டி ஒட்டினேன். பிசியோ குனிந்து பார்த்தால் உயரம் தெரியும்.

எழுந்திருப்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை, மேடம். இருக்கை உயரமாக இருந்தால் எழுவது சுலபம், தாழ்ந்தால் கஷ்டம். அதனால் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டரில் தொடங்கச் சொன்னார் பிசியோ. பலம் கூடக் கூட ஒவ்வொரு சுற்றாக இறக்கிக்கொண்டே வந்து நாற்பத்தைந்தில் நிறுத்த வேண்டும். ஊரில் உள்ள சாதாரண நாற்காலியின் உயரம் அதுதான். அங்கே பத்து எழுந்தால் போதும். இறக்குவது என் பொறுப்பு. நான் அளவு விஷயத்தில் எப்படி என்பது தெரிந்ததால் பிசியோ முதல் நாள் மட்டும்தான் டேப் வைத்துப் பார்த்தார். "நீங்க இருக்கும்போது நான் எதுக்கு அளக்கணும்" என்றார்.

அந்த நாலு மாதம் எங்கள் வீட்டில் இருந்த சந்தோஷத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. காலையில் அவளைக் குளிப்பாட்டி, தலை பின்னி, மேசையை இழுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். பகலில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வாள். சாயங்காலம் நான் வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து குரல் வரும்: "மில்லியக்கா வர்றாங்க, எல்லாரும் நிமிர்ந்து உட்காருங்க." கண்ணாடிக்காரர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மற்ற ஆறு நாளும் அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எப்படி இருந்தோமோ அப்படி இருந்தோம்.

நாற்பத்தைந்துக்கு வந்த முதல் வாரமே அவள் ஏழு முறை எழுந்தாள். நான் கை தட்டினேன். பிசியோ அடுத்த மாதம் பத்து என்றார்.

மறுநாள் காலை, குளியலறை ஸ்டூலில் அவளை உட்காரவைத்துவிட்டு வந்து, நாற்காலியை ஒரு சுற்று இறக்கினேன்.

ஏன் என்று கேட்டால், பழக்கம் என்றுதான் முதலில் நினைத்துக்கொண்டேன். பதினேழு பதினெட்டு தடவை எல்லாரும் பார்க்கச் செய்த அதே காரியம். தொழிற்சாலையில் நாலு மில்லி வரை வித்தியாசம் இருந்தால் நாங்கள் கழிப்பதில்லை. உட்காருகிறவருக்கு அது தெரியவே தெரியாது. வாரத்துக்கு ஒரு சுற்று இறக்கினேன். ஒவ்வொரு வாரமும் நான் செய்தது நாலு மில்லிதான். எந்த வாரத்தை எடுத்து அளந்தாலும் அது தேறியிருக்கும்.

அவளும் விடாமல் முயன்றாள். முதல் ஐந்தாறு வாரம் ஏழு ஏழாகவே நின்றது. அவள் முன்னேறுகிற அளவுக்கு நாற்காலி இறங்கியது. அதனால் நான் அவளைக் கெடுத்தேன் என்று அந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல முடியாது. இருந்த இடத்தில் வைத்திருந்தேன். பிறகு ஆறு ஆனது, ஐந்து ஆனது. நாடாவை உரித்து, ஊசிமுனையால் தூசு தட்டி, கீழே நகர்த்தி ஒட்டிவிடுவேன். பிசியோ பார்த்தபோதெல்லாம் நாற்பத்தைந்து காட்டியது. சிலருக்கு நரம்பு நடுவில் கொஞ்ச நாள் தேங்கும் என்றார். முழங்கால் மேலே தூக்கித் தெரிகிறதே என்று ஒரு தடவை கேட்டார். மெத்தை அமுங்கியிருக்கும் என்றேன்.

நாற்காலி இறங்கினால் மேசையும் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் முழங்கை காட்டிக்கொடுத்துவிடும். மேசைக்குக் கைப்பிடி இருந்தது. ஜன்னலுக்குத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. அங்கே இரண்டு பூச்செடி கொண்டுவந்து வைத்தேன். "என்னக்கா செடி இது, வாரா வாரம் ஒசருது? எனக்குத் தெருவே தெரிய மாட்டேங்குது. என் காலுக்கும் அதுக்குப் போடுற உரத்தையே போடேன்" என்றாள். இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தோம். அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. தன் கால்களைத்தான் சந்தேகப்பட்டாள்.

கட்டிலிலிருந்தும் குளியலறையிலிருந்தும் எழும்போது கண்டுபிடிக்க மாட்டாளா, அங்கே அவளுக்குத் தெரிந்திருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். அங்கெல்லாம் நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவேன். வேலைக்குப் போகுமுன்னும் வந்த பிறகும் நானேதான். பக்கத்து வீட்டு அக்காவிடமும் அப்படியே தூக்கச் சொல்லியிருந்தேன். தூக்கும்போது அதில் அவள் பலம் எவ்வளவு, தூக்குகிறவர் பலம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சில நாட்கள் என் கையில் பாரமே இருக்காது. அப்போதும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு வாங்குவேன்.

மூன்றாம் மாதம் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். கண்ணாடிக்காரரை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். அவரே எண்ண வேண்டும். பத்து எழுந்தால் அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போவது, இல்லையென்றால் அவர் அவளை மறந்துவிடுவது. அவர் எவ்வளவோ மறுத்துப் பார்த்தார். அவள் பிடித்தால் பிடித்த பிடி.

அந்த வாரம் மட்டும் நான் இரண்டு சுற்று இறக்கினேன். பழக்கம் என்று இதைச் சொல்ல முடியாது. இதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வந்தார். புதுச் சட்டை. எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வாலு இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று வரை அவர் சத்தமாக எண்ணினார். நாலாவதில் அவள் பாதி எழுந்து அப்படியே நின்றாள். தொடை நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. நாலு என்று சொல்ல அவர் வாய் திறந்தபடியே இருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் இன்னும் இரண்டு முறை முயன்றாள். இருக்கையை விட்டுக் கிளம்பவே இல்லை.

"போங்க" என்றாள். "கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டேன். நீங்க போறது எனக்குத் தெரியாது."

அவர் என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

"இப்ப வேணாம் தம்பி. அவ மனசு ஆறட்டும்" என்றேன்.

அதற்குப் பிறகு நாலு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். வாசலில் நின்று, தூங்குகிறாள் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று முறை அது பொய். ஐந்தாவது வாரம் அவர் வரவில்லை. வாலுவும் அதற்குப் பிறகு எழ முயலவில்லை. பிசியோவையும் வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள், சொன்னேன். நாற்காலியைப் பழைய உயரத்துக்கு ஏற்றிவிடலாம் என்று பல தடவை நினைத்தேன். ஆனால் அவள்தான் எழுவதே இல்லையே. எழாதவளுக்கு நாற்காலி எந்த உயரத்தில் இருந்தால் என்ன? அதனால் அப்படியே விட்டேன். அவளுக்கு என்னால் அதற்கு மேல் கெடுதல் நடக்கவில்லை. ஐந்து மாதம் நிம்மதியாக இருந்தோம். அவள் பேச்சு குறைந்துவிட்டது. செருப்புச் சத்தம் கேட்டால் குரல் வருவதும் நின்றுபோனது. அது நோயின் அலுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பிசியோ சொல்லாமல் வந்தது நான் வேலையில் இருந்த ஒரு நாள். மனசு கேட்காமல் பார்க்க வந்தாராம். தொடை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று டேப்பைச் சுற்றி அளந்திருக்கிறார். அளந்த டேப் கையில் இருந்தது, நாற்காலியையும் அளந்துவிட்டார். தரையிலிருந்து முப்பத்தொன்பது சொச்சம். பக்கத்தில் நாடா நாற்பத்தைந்து காட்டியது. அன்றே வண்டி வைத்து அவளைப் பயிற்சி மையத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்ததும் அவர்தான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முதலிலேயே அளந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாலு என்னிடம் ஒரே ஒரு தடவை போனில் பேசினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அக்கா, நான் மொத தடவை ஏழு எழுந்தப்ப கை தட்டினியே. அது நெசமா?" என்று கேட்டாள்.

நிஜம்தான் என்றேன். அது நிஜம்தான், மேடம். அந்தக் கைதட்டலில் பொய் இல்லை. அவள் வைத்துவிட்டாள்.

பதினான்கு சுற்று. முழுவதும் நான்தான். யாரும் தூண்டவில்லை, யாருக்கும் தெரியாது. எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவள் என்னை விட்டுப் போகக் கூடாது என்று செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். அவள் போவதில் எனக்கு வருத்தம் இருந்ததே இல்லை. தயாராகாமல் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை. மூன்று மாடி.

நேற்று அவள் நாலு முறை எழுந்து நின்றதாகச் சொன்னீர்கள். கண்ணாடிக்காரர் எண்ணினாராம். நாலு இருக்காது, மேடம். எனக்கு அவள் கால் தெரியும். அந்த மையத்து நாற்காலி உயரமாக இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் யாராவது போய் ஒரு தடவை அளந்து பார்க்க வேண்டும்.