வெந்நீர்க் கடல்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா ஐயா? பொடியோடு பொடியாக வேலை பார்த்தவன் நான். தலைக்கு மேல் காற்று வீசினால் எனக்குப் பேச்சு ஓடாது.

என்ன வேலை என்று கேட்டீர்கள். கல்லாகிப்போன சிப்பிகள்தான் என் பிழைப்பு. சிப்பி தன் ஓட்டை வரி வரியாக வளர்க்கும். ஒரு வரி வளர்ந்தபோது கடல்நீர் எவ்வளவு சூடாக இருந்தது என்பது அந்த வரியிலேயே பதிந்துகிடக்கும். ஊசிமுனைத் துளைப்பானால் வரியைச் சுரண்டி, அந்தப் பொடியைக் கருவியில் போட்டால், மனிதனே பிறக்காத காலத்துப் பருவங்களெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

அப்படி ஒரே ஒரு சிப்பியைத் துளைத்துத்தான், வெப்ப மண்டலத்தின் பழங்கடல் ஆண்டு முழுவதும் ஆறாத வெந்நீராகக் கிடந்தது, பவளம்கூட அதில் பிழைத்திருக்காது என்று சொன்னேன். முதலில் சிரித்தார்கள். 'வெந்நீர்' என்று பட்டப்பெயரே வைத்தார்கள். பிறகு அதே ஆட்கள் என்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள், ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராக்கினார்கள். அந்தச் சிப்பி இல்லையென்றால் நான் ஒன்றுமே இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மச்சினனை அங்கே வேலைக்குச் சேர்த்ததும் நான்தான். என் மனைவிக்கு ஒரே தம்பி. பெற்றோர் போன பிறகு அவனுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நல்லவன், ஆனால் சரியான ஆமை. நான் ஒரு சிப்பியை முடிக்கும் நேரத்தில் அவன் ஒரு வரியைத் தாண்டியிருக்க மாட்டான். "மாப்ளே, சிப்பியே உன்னைவிடச் சீக்கிரம் வளந்துடும்டா" என்று கிண்டல் செய்வேன். அவனும் சிரிப்பான். அவன்மேல் எனக்குப் பிரியம் உண்டு. உண்டு என்றுதான் சொல்கிறேன், இருந்தது என்று அல்ல.

அன்று மத்தியானம் அவன் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். அதே சிப்பியின் மறுபாதியை எனக்குத் தெரியாமல் துளைத்துப் பார்த்தானாம்.

"அத்தான், கடல் சூடா இல்ல. உங்க ட்ரில்லுதான் சூடு."

வேகத்தைக் கூட்டி அழுத்தினால் ஊசிமுனை கொதிக்கும். அந்தச் சூட்டில் பொடியின் தன்மையே மாறிவிடும். கருவி, கடலில் இல்லாத வெப்பத்தைக் காட்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் முதல் நாளே சொல்லும் எச்சரிக்கை இது. நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அவன் மெதுவாகத் துளைத்ததில் குளிர்ந்த பருவம் ஒன்று தெளிவாக வந்துவிட்டதாம். பவளமும் மீனும் செழித்த சாதாரணக் கடலாம்.

நான் பதறவில்லை. உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். இது நமக்குள் இருக்கட்டும் என்றேன்.

"முடியாது அத்தான். அடுத்த வாரக் கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்வேன்."

"உனக்குச் சோறு போட்ட கைடா இது."

அவன் என் கையைப் பார்த்தான். "தெரியும். அந்தக் கை எப்படி அழுத்தும்னு அக்கா மணிக்கட்டுல பாத்திருக்கேன். இப்ப சிப்பியிலயும் பாத்துட்டேன். அக்காவை இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்."

ஐயா, என் மனைவியின் மணிக்கட்டு இரண்டு தடவை முறிந்தது உண்மை. இரண்டாவது முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டை இன்னும் பிரிக்கவில்லை. அவளுக்கு எலும்பில் பலம் போதாது. சும்மா பிடித்தாலே விட்டுப்போகும். அதை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பேசலாமா? வீடு வேறு, வேலை வேறு. அந்த நாகரிகம் அவனுக்கு இல்லையே என்றுதான் எனக்கு வலித்தது.

பாறை உடைக்கும் சுத்தியல் மேசையில் இருந்தது. சிப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் திரும்பினான். காதுக்குப் பின்னால் அடித்தேன். மேசை விளிம்பில் வாய் மோதிப் பற்கள் சிதறின. விழுந்தவன் என் காலைப் பிடித்துக்கொண்டு "அக்கா, அக்கா" என்றான். "அத்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன்.

பிறகுதான் பார்த்தேன், சிப்பியும் உடைந்துகிடந்தது. அப்போது அழுதுவிட்டேன். ஓட்டுச் சில்லுகளும் பற்களும் ஒன்றாகக் கலந்துகிடந்தன; இரத்தத்தில் எது எது என்று பிரித்தெடுக்க வெகுநேரம் பிடித்தது. சில்லுகளைக் கழுவிப் பஞ்சில் வைத்தேன். பற்களைக் குப்பையில் போட்டேன். சுத்தியலைத் துடைத்து, அது தொங்கும் ஆணியில் மாட்டினேன்.

வீட்டில் மனைவி மூன்று தட்டு எடுத்து வைத்திருந்தாள்.

"தம்பி வரலையா?"

"அவனுக்கு வேலை இருக்கு. நீ சாப்பிடு."

அவள் என் சட்டையைப் பார்த்தாள். நான் கைகழுவப் போன நேரத்தில் செருப்புகூடப் போடாமல் உங்களிடம் ஓடிவந்துவிட்டாள். அவள்மேலும் எனக்குக் கோபமில்லை. வீட்டுக்கு வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். அவனைக் கொன்றது நான்தான். ஒன்றை மட்டும் திருத்திவிடுங்கள். முகத்தை அடையாளம் காண முடியவில்லை, அடிகளை எண்ண முடியவில்லை என்று உங்கள் மருத்துவர் சொல்கிறாராம். அது தவறு. நான் அடித்தது ஒரே அடி. அதையும் மெதுவாகத்தான் அடித்தேன்.