தலையாட்டாத வாத்தியார்

நான் யாருடைய பாட்டுக்கும் தலையாட்டுவதில்லை. கேட்டால் கழுத்து வலி என்பேன். உண்மையில், குரு தலையாட்டினால் மாணவன் கெட்டுவிடுவான்.

மலாக்காவில் என்னைச் சாகித்திய வாத்தியார் என்பார்கள். புதுக் கீர்த்தனைகள் கட்டுவேன்; அலோர் காஜா பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பேன். என் கீர்த்தனைகளைக் கேட்பவர்கள் கண்களை மூடிக்கொள்வார்கள். சிலர் குறட்டையும் விடுவார்கள்.

இருளாண்டி என் மாணவர். பால் வெட்டுகிறவர், என்னைவிட மூத்தவர். மாரியம்மன் திருவிழாவுக்கென்று முகாரியில் அவரே ஒரு பாட்டுக் கட்டினார். பாடி முடித்து என் முகத்தைப் பார்த்தார்.

"வாத்தியாரே, ஒருக்கா தலையாட்டுங்க லா. காசா கேட்டேன்?"

"தாளம் ஓடுதுண்ணே," என்றேன். ஓடவில்லை.

கேட்ட பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். கோயில் தலைவர் தம்புசாமி என்னை ஓரமாக அழைத்துப்போனார்.

"இந்த வருசம் இருளாண்டி பாட்டே போதும் வாத்தியாரே. ஒங்களுக்கும் ரெஸ்டு வேணும்ல?"

என் உடல்நலத்தில் அவருக்கு இருந்த அக்கறை என்னை நெகிழவைத்தது.

அப்போது மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்தவர்களைப் போலீஸ் தேடியது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நடத்துவார்கள். கோணிச் சாக்கால் தலையை மூடிய ஒருவர், இரண்டு ஓட்டை வழியே பார்த்து ஆள் காட்டுவார். பேச வேண்டியதில்லை. தலையாட்டினால் போதும், அந்த ஆளை லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

நானே முன்வந்து உதவினேன். இருளாண்டி யாருக்கும் ஒரு பிடி அரிசி கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவ்வளவு துயரமாக முகாரி பாடுகிறவரிடம் ஏதோ ரகசியம் இருக்கத்தானே வேண்டும்?

சாக்குக்குள் வெங்காய வாடை. பழக்கதோஷத்தில் என் விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. இருளாண்டி என் எதிரே வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. பிறகு என் விரல்களைக் கவனித்தார். தோள்கள் தளர்ந்தன, லேசாகச் சிரிக்கவும் செய்தார். இந்தத் தலை அசையாது என்பது அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

தலையாட்டினேன். கழுத்து வலிக்கவே இல்லை.

முதலில் தடுப்பு முகாம். பிறகு நாடுகடத்தல், நாகப்பட்டினத்துக்குக் கப்பல். அவர் பிறந்தது இங்கே, சிம்பாங் அம்பாட்டில். அங்கே அவருக்கு யாரையும் தெரியாது. மனைவி பெரியநாயகி என்னிடம் வந்து அழுதாள்.

"அவரு பாட்ட நீங்களாச்சும் பாடுங்க வாத்தியாரே. அழிஞ்சிடக் கூடாது."

நல்ல யோசனை. அன்று முதல் அது என் பாட்டு. பாட்டு அநாதையாகக் கூடாது என்றுதான் என் பெயரைக் கொடுத்தேன். எல்லாத் தோட்டங்களிலும் அதைத்தான் கேட்கிறார்கள். யாரும் தூங்குவதில்லை.

குரு என்ற முறையில் எனக்கு ஒரு நிம்மதி. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதை நான் மறுத்து அனுப்பவில்லை.