பம்புக்குள் ஓடும் 4.2

ஆவடியில் மின்சார ரயில் ஏறியதிலிருந்து அந்தப் பெண்ணின் கோபம் அடங்கவில்லை. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. பக்கத்தில் நின்றவர் கழுத்திலும் அதே அட்டை, வயதில் மூத்தவர்.

“ஆஸ்பத்திரி பம்புல ஓடுற சாஃப்ட்வேர் எதுன்னு நமக்கே தெரியாதுண்ணா. வெளிய சொன்னா காறித் துப்புவாங்க.”

“இன்னாம்மா, மருந்து ஏத்துற பம்பு நல்லாத்தான ஓடிக்கினு கீது?”

“ஓடுது. திரையில வெர்ஷன் 4.2ன்னு காட்டுது. நம்ம சர்வர்ல இருக்கிற 4.2 கோடை நேத்து கம்பைல் பண்ணி ஆபீஸ் பம்புல போட்டுப் பார்த்தேன். குழாய் அடைச்சா அலாரமே அடிக்கல. ஆஸ்பத்திரில இருக்கிறது அடிக்குது. அப்ப அது எந்த கோடுலேர்ந்து வந்துச்சு?”

“அன்னிக்கு அவசரம்மா. என் லேப்டாப்லயே கோடை மாத்தி, அதுலயே கம்பைல் பண்ணி ஆஸ்பத்திரிக்கு அனுப்சிட்டேன்.”

“சர்வர்ல ஏத்தல.”

“அப்பால ஏத்திக்கலாம்னு உட்டேன். மறந்துட்டேன்.”

“அந்த லேப்டாப் எங்க?”

“புதுசு குடுத்தாங்க. பழசை வாங்கி அழிச்சிட்டாங்க.”

அண்ணனூரில் இன்னும் நாலு பேர் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

“திங்கட்கிழமை எல்லா பம்புக்கும் புது வெர்ஷன் போகணும், அதையும் சர்வர்ல இருக்கிறதை வெச்சுத்தான் பண்ணணும். அலாரம் இல்லாம எப்படிண்ணா அனுப்புவேன்? கட்டில்ல படுத்திருக்கிறது மனுஷன்.”

“அதுக்கு ஏன்மா இப்டி கத்துற? ரெண்டே வரிதான் மாத்தினேன்.”

“சரி. எந்த ரெண்டு வரி?”

திருமுல்லைவாயில் தாண்டியது. அம்பத்தூரில் இருவரும் இறங்கும்போதும் அவர் அந்த இரண்டு வரியை யோசித்தபடி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே போனார்.