பட்டு வேட்டி மடிப்புல இருந்த காது

சரி... கை தட்டுறதை அப்புறம் வெச்சுக்கலாம். இப்ப ஒரு சின்னக் கதை சொல்லிடறேன். பின்வரிசைக்குக் கேக்குதுங்களா? கேக்கணும். ஏன்னா இது ஒரு காது மெஷின் கதை.

நம்ம பள்ளிபாளையத்துல மாரப்பன்னு ஒருத்தர். முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டினவர். தறிப் பட்டறைக்குள்ள போயிருக்கீங்களா? டடக் டடக் டடக்னு... பக்கத்துல நிக்கறவன் தொண்டை கிழியக் கத்தினாலும் காதுல விழாது. முப்பது வருஷம் அதைக் கேட்ட காது என்னாகும்? போயிடுச்சு. வீட்ல எல்லாரும் அவர்கிட்ட கத்தித்தான் பேசணும். "அப்பாஆஆ... ரசம் ஊத்தட்டுமாஆஆ?" அவர் வீட்ல இன்னிக்கு என்ன சமையல்னு தெருவுக்கே தெரியும்!

அவருக்கு ஒரே பொண்ணு, சுகன்யா. ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை. அதுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. நிச்சயம் ஆனதும் அந்தப் பொண்ணு முதல்ல என்ன பண்ணுச்சு தெரியுமா? நகைக்கடைக்குப் போகல. அப்பாவை ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் காதைப் பரிசோதிச்சு, ஒரு மெஷின் வாங்கிக் குடுத்துச்சு. பொண்ணுன்னா பொண்ணுங்க அது!

அங்க காது பாக்கற அம்மா பேரு ஜெசிந்தா. மாசத்துக்கு ஒருக்கா வரச் சொன்னாங்க. மாரப்பனும் தவறாமப் போறார்.

"ஐயா, நல்லாக் கேக்குதுங்களா?"

"பேஷாக் கேக்குதுங் அம்மிணி!"

அடுத்த மாசமும் அதே கேள்வி... அதே பதில். மூணாவது மாசம் அந்தம்மா மெஷினைக் கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்தாங்க. எத்தனை மணி நேரம் காதுல இருந்துச்சுன்னு அதுலயே பதிஞ்சிருக்குமாம். எவ்வளவு இருந்துச்சு? மூணு மாசத்துக்கும் சேத்து... ஒம்பது மணி நேரம்!

"ஐயா... வீட்ல இதை எங்க வெச்சிருக்கீங்க?"

மனுஷன் தலையைச் சொறியறார். "பீரோவுலங்க."

"பீரோவுல எங்க?"

"பட்டு வேட்டி மடிப்புலங்க... அந்துருண்டை போட்டு."

சிரிக்காதீங்க! அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்க. "எம்பொண்ணு சம்பாரிச்சு வாங்கிக் குடுத்ததுங்க. சும்மா வீட்ல மாட்டித் தேய்ச்சுட்டா? கல்யாணத்தன்னிக்குப் புதுசா மாட்டலாம்னு இருக்கேன். பொண்ணு கேட்டாலும் அதையேதான் சொல்றேனுங்க. உங்களைப் பாக்க வரப்ப மட்டும் மரியாதைக்கு மாட்டிட்டு வருவேனுங்க." பஸ் ஏறும்போது மாட்டுவார், திரும்பி ஊர் வந்து இறங்கினதும் கழட்டுவார். ஈரோட்டு பஸ்ஸோட இரைச்சலைத் தவிர அந்த மெஷின் வேற எதையும் கேட்டதில்ல!

வேற யாராவதா இருந்தா என்ன சொல்லியிருப்பாங்க? 'ஏன் பெரியவரே, என் நேரத்தை வீணாக்கறீங்க'ன்னு எரிஞ்சு விழுந்திருப்பாங்க. அந்தம்மா விழல. என்ன சொன்னாங்க தெரியுமா? "தப்பு என் மேலயும் இருக்குங்கய்யா. கேக்குதான்னு கேட்டேன். மாட்டறீங்களான்னு கேக்கவே இல்ல." எனக்கு அந்த இடத்துல கண்ணு கலங்கிடுச்சுங்க.

அப்புறம் பக்கத்துல உக்காந்து புரிய வெச்சாங்க. "இது பட்டு வேட்டி இல்லீங்கய்யா, கட்டினதும் பொருந்தறதுக்கு. எந்தச் சத்தம் எதுன்னு உங்க மூளை மறந்திருக்கும். கல்யாணத்தன்னிக்குத் திடுதிப்புனு மாட்டுனா, முதல் மேளத்துலயே கழட்டி வீசிடுவீங்க. இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. காலைல இருந்தே போட்டுப் பழகுங்க. தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் யாராவது பக்கத்துல உக்காந்து பேசணும். சாதாரணமாப் பேசணும். கத்தக் கூடாது."

யாரு பேசறது? சுகன்யாதான். வேலை முடிஞ்சு வந்து பேப்பர் படிச்சுக் காட்டும். ஆட்டுச்சந்தைச் செய்தி, மழைச் செய்தி... ஒரு வாரம், ரெண்டு வாரம். மூணாவது வாரம் ஒரு நாள், அந்தப் பொண்ணு பேப்பரை மடிச்சு வெச்சுட்டுத் தரையைப் பாத்துக்கிட்டே சொல்லுச்சு...

"அப்பா... கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுடணும்னு அவங்க வீட்ல சொல்றாங்கப்பா. எனக்கு மனசே இல்ல."

மெதுவாத்தான் சொல்லுச்சு. மாரப்பனுக்குக் கேட்டுச்சு... ஒரு எழுத்து விடாமக் கேட்டுச்சு.

"எப்ப இருந்து சாமி சொல்றாங்க?"

"நிச்சயம் பண்ணின நாள்ல இருந்தேப்பா."

"ஏங்கண்ணு எங்கிட்டச் சொல்லல?"

அந்தப் பொண்ணு சொன்ன பதிலைக் கேளுங்க. "கத்தியாப்பா சொல்றது? தெருவுக்கே கேக்குமே."

...ஐயா, நான் கேக்கறேன். கத்தித்தான் பேசணும்னா, மனசுல இருக்கறதை எப்படிங்க சொல்ல முடியும்?

மறுநாள் காலைல மாரப்பன் மெஷினை மாட்டிக்கிட்டு நேரா சங்ககிரிக்கு, சம்பந்தி வீட்டுக்குப் போனார். "எம்பொண்ணு வேலைக்குப் போகும். உங்களுக்குச் சம்மதம்னா முகூர்த்தத்தை வெச்சுக்கலாம். இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. மெதுவாவே சொல்லுங்க... எனக்கு நல்லாக் காது கேக்குது!"

சம்பந்தியம்மா மகன் மூஞ்சியைப் பாத்தாங்க. மாப்பிள்ளைப் பையன்தான் எந்திரிச்சு நின்னான். "போகட்டுங்க மாமா. எனக்கும் அதுதான் விருப்பம். அம்மாகிட்டச் சொல்லத் தைரியம் இல்லாம இருந்துட்டேன்." கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்துச்சு. அன்னிக்கு மாரப்பன் பீரோவுல இருந்து பட்டு வேட்டியை எடுத்து உதறினார். வெறும் அந்துருண்டைதான் விழுந்துச்சு.

இப்பச் சொல்லுங்க. அவர் நினைச்ச மாதிரியே கல்யாணத்தன்னிக்கு மெஷினை மாட்டியிருந்தா என்ன கேட்டிருக்கும்? மேளம் கேட்டிருக்கும். பொண்ணு மனசு கேட்டிருக்குமா?

நமக்கெல்லாம் காது நல்லாத்தான் இருக்கு. ஆனா அதை எங்க வெச்சிருக்கோம்? 'அப்புறம் பேசலாம்... லீவு வரட்டும்... விசேஷம் முடியட்டும்'னு மடிச்சு பீரோவுல வெச்சிருக்கோம். உங்க வீட்லயும் ஒருத்தர், கத்திச் சொல்ல முடியாத ஒண்ணை மனசுல வெச்சுக்கிட்டு இருக்காங்க. உங்க பொண்ணா இருக்கலாம். உங்க வீட்டுக்காரம்மாவா இருக்கலாம். இன்னிக்குப் போனதும் டிவியை நிறுத்திட்டு அரை மணி நேரம் பக்கத்துல உக்காருங்க. அறிவுரை ஒண்ணும் சொல்ல வேண்டாம்... சும்மா உக்காருங்க.

அவங்க மெதுவாத்தான் சொல்லுவாங்க.